டிவி தொடர்களில் வரும் வானியல் எவ்வளவு உண்மை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளித் தொடர்கள், ஆவணத் தொடர்கள், செய்திச் சேனல்களில் வரும் ‘வானில் அதிசயம்’ வகைத் துணுக்குகள் ஆகியவற்றைப் பார்த்த பிறகு வழக்கமாக எழும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கதை எப்படி, நடிப்பு எப்படி என்று மதிப்பெண் போடப்போவதில்லை. சில பதில்களில் கதை முடிச்சு வெளியே வந்துவிடும். அந்தத் தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

பொதுவாக இந்தத் தொடர்கள் எதில் சறுக்குகின்றன?

விதிகளில் சறுக்குவது குறைவு, அளவுகளில் சறுக்குவதுதான் அதிகம். ஈர்ப்பு உண்டு, சுழற்சி உண்டு, ஒளிக்கு வேக வரம்பு உண்டு என்பதெல்லாம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு தூரம், எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் என்று வரும்போது கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. விண்வெளியின் தூரங்களை அப்படியே காட்டினால் திரை முழுக்க இருட்டுதான் இருக்கும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். கீழே வரும் உதாரணங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே வியாதியின் பல முகங்கள்.

விண்வெளியில் வெடித்தால் சத்தம் கேட்குமா?

கேட்காது. ஒலி பரவ ஒரு ஊடகம் வேண்டும்; அங்கே இருப்பது கிட்டத்தட்ட வெற்றிடம். 2002-ல் வந்த ‘ஃபயர்ஃபிளை’ தொடர் கப்பலுக்கு வெளியே நடக்கும் காட்சிகளைச் சத்தமே இல்லாமல் காட்டியது. இந்தத் தவறு இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும் என்பதால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பின்னணி இசையை எந்த வாத்தியக் குழு அங்கே வாசிக்கிறது என்று நாம் கேட்பதில்லையே.

என்னை உறுத்துவது வேறு: விண்கலங்கள் போர் விமானம்போலச் சாய்ந்து, வளைந்து திரும்புவது. இறக்கையைச் சாய்த்துத் திரும்புவதற்குக் காற்று வேண்டும். வெற்றிடத்தில் மூக்கைத் திருப்பினால் மூக்கு மட்டும்தான் திரும்பும். கலம் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். திசையை மாற்ற வேண்டுமானால் எஞ்சினை எரித்தாக வேண்டும். 1993-ல் தொடங்கிய ‘பாபிலான் 5’ தொடரின் சிறு போர்க்கலங்களும், பின்னால் வந்த புதிய ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வின் வைப்பர் கலங்களும் இதைச் சரியாகச் செய்தன. துரத்தி வருகிறவனைப் பார்க்க அப்படியே பின்பக்கம் திரும்பி, பின்னோக்கிப் பறந்தபடியே சுடுவார்கள். பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கிறது.

சிறுகோள் பட்டைக்குள் நுழைந்தால் கற்களில் மோதாமல் தப்பிப்பது கஷ்டமா?

கண்ணை மூடிக்கொண்டு போகலாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள பட்டையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பெரிய சிறுகோள்கள் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் அவை பரந்து கிடக்கும் இடம் அவ்வளவு பெரியது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாகப் பல லட்சம் கிலோமீட்டர். நமக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். ஒரு சிறுகோளின் மேல் நின்று பார்த்தால் அடுத்தது வெறும் ஒளிப்புள்ளியாகத் தெரிந்தாலே பெரிது. பட்டையில் உள்ள அத்தனையையும் திரட்டி உருட்டினாலும் நிலவின் எடையில் மூன்று, நான்கு சதவீதம்தான் தேறும்.

1972-ல் ஏவப்பட்ட பயனியர் 10 முதன்முதலில் இதைக் கடந்தபோது நிஜமாகவே கொஞ்சம் பயம் இருந்தது. அது பத்திரமாக வெளியே வந்தது. அதன்பின் போன கலங்களில் எதுவும் அங்கே மோதி அழியவில்லை. வழியில் ஒரு சிறுகோளைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று பாதையைத் திட்டமிட்டுப் போக வேண்டியிருக்கிறது. வியாழனுக்குப் போன கலிலியோ கலம் 1991-ல் காஸ்ப்ராவையும் 1993-ல் ஈடாவையும் அப்படித்தான் பார்த்தது.

கதைத் தொடர்கள் கற்களை நெருக்கியடித்துக் காட்டுவதை மன்னிக்கலாம். 2014-ல் வந்த புதிய ‘காஸ்மோஸ்’ ஆவணத் தொடரும் அதையே செய்ததுதான் வருத்தம். நெருக்கமான கற்கள் வேண்டுமென்றால் சனியின் வளையத்துக்குப் போகலாம். அங்கே பனிக்கட்டிகள் உண்மையாகவே மொய்த்துக் கிடக்கின்றன.

‘தி எக்ஸ்பான்ஸ்’தான் இருப்பதிலேயே துல்லியமான தொடர் என்கிறார்களே?

பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். 2015 முதல் 2022 வரை வந்த அந்தத் தொடரில் கப்பல்கள் அடுக்குமாடிக் கட்டடம்போலக் கட்டப்பட்டிருக்கும். எஞ்சின் அடித்தளத்தில், தளங்கள் அதற்கு மேல் மேலாக. எஞ்சின் எரியும்போது கப்பல் முடுக்கம் பெறுவதால் தரை காலை மேல்நோக்கித் தள்ளும். அதுவே அவர்களுக்கு ‘எடை’. எஞ்சினை நிறுத்தினால் எல்லோரும் மிதப்பார்கள். பாதித் தூரம் போனதும் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி எரித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே இலக்கை அடைவார்கள். இயற்பியல் சொல்லும் வழி இதுதான். அவர்கள் கையில் இருக்கும் எஞ்சின் மட்டும் கற்பனை. பூமி ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தை வழி நெடுகத் தர முடிந்தால் செவ்வாய்க்கு இரண்டு மூன்று நாளில் போய்விடலாம். நிஜத்தில் பர்சிவியரன்ஸ் கலம் 2020 ஜூலை 30-ல் கிளம்பி 2021 பிப்ரவரி 18-ல்தான் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு நல்ல விஷயம், செய்தி போய்ச் சேரும் தாமதத்தை அவர்கள் மறைப்பதில்லை. கோள் விட்டுக் கோள் பேசுகிறவர்கள் செய்தியைப் பதிவு செய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லோரும் எடுத்துக்காட்டும் அந்த மதுக் காட்சிக்கு வருவோம். சீரிஸ் என்ற குறுங்கோளைச் சுழலவைத்து, அதன் உள்ளே மனிதர்கள் வாழ்வதாகக் கதை. முதல் சீசனில் அங்கே ஒருவர் கோப்பையில் மது ஊற்றுவார். அது நேராக விழாமல் வளைந்து விழும். சுழலும் இடத்தில் விழும் பொருள் பக்கவாட்டில் விலகும் என்பது உண்மை. கோரியோலிஸ் விளைவு என்று பெயர். அதை ஒரு வசனம்கூட இல்லாமல் காட்டியதற்குத் தொடரைக் கொண்டாடினார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்? சீரிஸின் குறுக்களவு சுமார் 940 கி.மீ. பூமி ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்க அது ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் போதும். அவ்வளவு மெதுவான சுழற்சியில், ஒரு சாண் உயரத்திலிருந்து விழும் மது விலகும் தூரம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்கே தெரியாது. அந்தக் காட்சியில் தெரிகிற வளைவு வரவேண்டுமென்றால் சில மீட்டர் அகலமே உள்ள சிறு சக்கரத்தை வேகமாகச் சுற்ற வேண்டும். விளைவு சரி, திசையும் சரி, அளவுதான் பல மடங்கு ஊதிவிட்டது.

அதோடு, 40 நிமிடச் சுற்றில் வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை சீரிஸின் சொந்த ஈர்ப்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஆகிவிடும். பனியும் பாறையும் கலந்த அந்த உருண்டை துண்டுதுண்டாகச் சிதறிப்போகும். இப்போது அது நிம்மதியாக ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும், இந்தப் பட்டியலில் ஒரே ஒரு தொடரைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்து இயற்பியல் பேசலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். வன்முறைக் காட்சிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணுகுண்டு வெடித்து நிலவு பூமியை விட்டு ஓடிப்போக முடியுமா?

‘ஸ்பேஸ்: 1999’ என்ற பிரிட்டிஷ் தொடரின் (1975–77) கதையே இதுதான். நிலவில் கொட்டிவைத்த அணுக்கழிவு 1999 செப்டம்பர் 13 அன்று வெடிக்க, நிலவு அங்கிருக்கும் ஆட்களோடு விண்வெளிக்குள் போய்விடுகிறது.

நிலவு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நம்மைச் சுற்றுகிறது. பூமியின் பிடியிலிருந்து விடுபட அந்த வேகம் 1.4 கிலோமீட்டராக உயர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நிலவின் எடையை வைத்துப் பெருக்கினால், இதுவரை வெடித்ததிலேயே பெரிய குண்டான ரஷ்யாவின் ‘ஸார்’ குண்டைப் போல (1961, சுமார் 50 மெகாடன்) 18,000 கோடி குண்டுகள் தேவைப்படும். அதுவும் வெடிப்பின் ஆற்றல் சிறிதும் வீணாகாமல் நிலவைத் தள்ளுவதற்கே போனால். அவ்வளவையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் வெடித்தால் நிலவு கிளம்பிப் போகாது, உருக்குலைந்து போகும்.

அடுத்த சிக்கல், வாரம் ஒரு புதுக் கோளைச் சந்திப்பது. தப்பித்த நிலவு விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் போவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், அடுத்த விண்மீனை அடைய ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டாவது எபிசோடுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டும்.

நிலவை வைத்துச் செய்த இன்னொரு வேடிக்கை ‘டாக்டர் ஹூ’ தொடரில் 2014-ல் வந்தது. நிலவு ஒரு முட்டை, உள்ளே குஞ்சு வளர்கிறது, அதனால் எடை 130 கோடி டன் கூடிவிட்டது, பூமியில் கடல் பொங்கிப் பேரழிவு என்று கதை. முட்டை என்பது கற்பனை. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 130 கோடி டன் என்பது நிலவின் எடையில் ஐயாயிரம் கோடியில் ஒரு பங்குகூடக் கிடையாது. மெரினாவில் அலை ஒரு முடியளவும் ஏறாது. எழுதியவருக்கு 130 கோடி பெரிய எண்ணாகத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

‘தி பிக் பேங் தியரி’யில் வெள்ளைப் பலகையில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையான சமன்பாடுகளா?

உண்மையானவை. இளம் இயற்பியலாளர்களைப் பற்றிய அமெரிக்க நகைச்சுவைத் தொடர் இது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் டேவிட் சால்ட்ஸ்பெர்க் அதற்கு ஆலோசகர். பலகையில் என்ன எழுதுவது என்பதையும், வசனத்தில் அறிவியலுக்கு விட்டிருந்த இடங்களை நிரப்புவதையும் அவர் பார்த்துக்கொண்டார். அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஸ்மூட் அதில் ஒரு முறை தாமாகவே வந்து போனார். ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் வந்திருக்கிறார். டெல்லியிலிருந்து போன வானியற்பியலாளராக வரும் ராஜ் என்ற பாத்திரத்துக்கு ‘கூத்ரப்பாலி’ என்ற குடும்பப் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் எந்த ஆலோசகரும் விசாரிக்கவில்லை போலிருக்கிறது.

இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த வானியல் காட்சி 2010-ல் வந்தது. நண்பர்கள் மொட்டை மாடியில் லேசரை வைத்து நிலவை நோக்கி அடிப்பார்கள். அப்போலோ 11 வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பானில் பட்டு, இரண்டரை விநாடியில் ஒளி திரும்பிவரும். மடிக்கணினித் திரையில் ஒரு முள் எழும்பும்.

எதிரொளிப்பான் இருப்பது உண்மை. அப்போலோ 11, 14, 15 மூன்றும் வைத்தவை இன்னும் வேலை செய்கின்றன. இரண்டரை விநாடியும் சரி. நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப்போகிறது என்று இன்று நாம் சொல்வது இந்த முறையில் அளந்துதான். இடிப்பது மொட்டை மாடிதான். நிலவைச் சேரும்போது லேசர் கற்றை ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அதில் ஒரு பெட்டி அளவுள்ள எதிரொளிப்பானில் படுவது கொஞ்சம். திரும்பி வருவது பூமியில் பல கிலோமீட்டர் பரப்பில் சிதறும். நியூ மெக்ஸிகோவின் அப்பாச்சி பாயிண்ட் ஆய்வகத்தில் 3.5 மீட்டர் தொலைநோக்கியை வைத்து இதைச் செய்கிறார்கள். அங்கே ஒரு துடிப்பில் புறப்படும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை 3 போட்டு 17 சுழி. பிடிபடுவது சராசரியாக ஒன்று என்ற கணக்கில்தான். நம் நண்பர்களின் மாடியில் இருந்த சாமானுக்கு ராத்திரி முழுக்க முள் எழும்பியிருக்காது.

ஆலோசகர் இருந்தும் தவறு எப்படி நுழைகிறது?

அவரை எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ‘ஸ்டார் ட்ரெக்’கில் எழுத்தாளராக இருந்த ரொனால்ட் மூர் பின்னாளில் சொன்ன தகவல் இது: வசனத்தில் அறிவியல் வரவேண்டிய இடத்தில் ‘டெக்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்களாம். கப்பல் ‘டெக்’கில் மாட்டிக்கொண்டது, ‘டெக்’கை ‘டெக்’ செய்து தப்பித்தார்கள் என்ற மாதிரி. பிறகு ஆலோசகர் அங்கே பொருத்தமான சொற்களைப் போடுவார். கதை முடிவான பிறகு வருகிறவரால் சொல்லைத்தான் மாற்ற முடியும், நிகழ்வை மாற்ற முடியாது.

கிராபிக்ஸ் அதற்கும் பிறகு வரும் வேலை. வசனம் சரியாக இருக்கும். மேலே ஓடும் படத்தில் கோள் தலைகீழாகச் சுற்றும். அமெரிக்காவில் ‘தி டெய்லி ஷோ’ நிகழ்ச்சியின் தொடக்கப் படத்தில் பூமி தப்பான திசையில் சுற்றுகிறது என்று வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் அதன் தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட்டிடம் நிகழ்ச்சியிலேயே சொன்னார். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். நம் செய்திச் சேனல்களின் சுழலும் உருண்டைகளையும் ஒருமுறை கவனியுங்கள். இந்தியா திரையில் இடமிருந்து வலமாக நகர வேண்டும்.

2008-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் எழுத்தாளர்களையும் விஞ்ஞானிகளையும் இணைத்துவைக்க ஒரு தனி அமைப்பையே தொடங்கியது. கதை உருவாகும்போதே விஞ்ஞானி உள்ளே இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம்.

‘3 பாடி ப்ராப்ளம்’ தொடரில் வருவதுபோல மூன்று சூரியன்கள் உள்ள உலகம் உண்டா?

மூன்று விண்மீன்கள் சேர்ந்த அமைப்புகள் ஏராளம். நமக்கு மிக அருகில் இருப்பதே அப்படித்தான். ஆல்ஃபா செண்டாரி ஏ, பி என்ற இரண்டும் ஒன்றையொன்று 80 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. மூன்றாவதான பிராக்ஸிமா 4.24 ஒளியாண்டு தொலைவில், அந்த இரண்டிலிருந்தும் மிகவும் விலகி நின்று, ஒரு சுற்று முடிக்கச் சில லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது.

2024-ல் வந்த இந்தத் தொடரில் மூன்று சூரியன்களும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி ஆடுகின்றன. கோள் ஒரு நாள் வேகும், ஒரு நாள் உறையும். மூன்று பொருள்களின் இயக்கத்துக்குப் பொதுவான எளிய சூத்திரம் கிடையாது, அது தாறுமாறாகலாம் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹென்ரி பாயின்காரே காட்டிவிட்டார். அதுவரை தொடர் சரி. ஆனால் அப்படித் தாறுமாறாக ஆடும் அமைப்பு நீடிக்காது. ஏதாவது ஒன்று வெளியே எறியப்பட்டுவிடும். நீண்ட காலம் நிற்பவை ஆல்ஃபா செண்டாரிபோல இரண்டு கிட்டே, ஒன்று எட்டே என்று அமைந்தவை. நாகரிகம் தழைக்கும் அளவுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் குழப்பம் தொடர்வதும், அதில் கோள் தப்பிப் பிழைப்பதும் நடக்காத காரியம்.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுமா?

இல்லை. சூரியனை எடுத்துவிட்டு அதே எடையுள்ள கருந்துளையை வைத்தால் அதன் ஆரம் 3 கி.மீ. இருக்கும், பூமி இப்போது சுற்றும் பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாம் குளிரில் செத்துப்போவோம் என்பது வேறு விஷயம்.

ஆவணத் தொடர்களில் காட்டும் வண்ண வண்ண நெபுலாக்கள் நிஜமாகவே அப்படி இருக்குமா?

நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசி மேகம். நேரில் போனால் ஏமாற்றம்தான். புகழ்பெற்ற ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் (ஹபிள், 1995) கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம் என்று வண்ணங்களை ஒதுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று ஆய்வாளருக்குக் காட்டும் வரைபடம் அது. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது கண்ணுக்குத் தெரியும் நிறம் இல்லை என்று கீழே ஒரு வரி போட டிவிக்காரர்களுக்கு மனசு வருவதில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெரும்பாலும் அகச்சிவப்பில் பார்க்கிறது. நம் கண்ணுக்கு அதற்கு நிறமே கிடையாது.

விண்கலம் நெபுலாவுக்குள் புகுந்து ஒளிந்துகொள்வது அதைவிடப் பெரிய புளுகு. ஓரியன் நெபுலாவின் அடர்ந்த பகுதியில்கூட ஒரு கன சென்டிமீட்டரில் சில ஆயிரம் துகள்கள்தான். நாம் மூச்சுவிடும் காற்றில் அதே இடத்தில் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உண்டு. உள்ளே இருப்பவருக்குத் தாம் நெபுலாவுக்குள் இருப்பதே தெரியாது.

அளவைச் சரியாக உணர்த்த முடியாது என்று கைவிடவும் வேண்டாம். கார்ல் சேகன் 1980-ல் வழங்கிய 13 பகுதி ‘காஸ்மோஸ்’ தொடரில் அண்டத்தின் வயது முழுவதையும் ஒரே ஆண்டு நாட்காட்டியில் அடைத்தார். இன்றைய கணக்கான 1,380 கோடி ஆண்டுகளை அப்படி அடைத்தால் ஒரு விநாடி 437 ஆண்டு. எழுதப்பட்ட வரலாறு முழுக்க டிசம்பர் 31 இரவின் கடைசிச் சில விநாடிகளுக்குள் முடிந்துவிடும். எனக்குத் தெரிந்து டிவியில் யாரும் அளவை இதைவிட நன்றாகக் காட்டவில்லை.

செய்திச் சேனல்களை நம்பலாமா?

கதைத் தொடர் பொய் சொன்னால் அது கதை. செய்தி என்று போட்டுவிட்டுத் தப்பாகச் சொல்வதுதான் கெடுதல்.

2019 இறுதியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. ‘வெடிக்கப்போகிறது திருவாதிரை’ என்று பல இடங்களில் தலைப்புப் போட்டார்கள். அது என்றாவது வெடிக்கும் என்பது உண்மை. அந்த ‘என்றாவது’ ஒரு லட்சம் ஆண்டு வரை போகலாம். அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்தது என்று பிறகு தெரியவந்தது. அப்படியே வெடித்தாலும் ஐந்நூறு ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருக்கும் அதனால் நமக்கு ஆபத்து இல்லை.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது ‘நிலவின் இருண்ட பக்கத்தில் இந்தியா’ என்ற பேச்சும் அடிபட்டது. விக்ரம் இறங்கியது நிலவின் தெற்கே 69 பாகை அட்சத்தில், பூமியைப் பார்த்த பக்கத்தில். வெயில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் இறக்கினார்கள், ஏனென்றால் சூரியத் தகட்டில்தான் அது உயிர் வாழ்ந்தது. நமக்குத் தெரியாத மறுபக்கத்தில் இறங்கியது சீனாவின் சாங்-இ 4 (2019 ஜனவரி 3). அங்கிருந்து பேச நடுவில் தனியாக ஒரு துணைக்கோளே தேவைப்பட்டது. மறுபக்கத்துக்கும் நாம் பார்க்கும் பக்கத்தைப் போலவே இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு என்ற நிலவுக் கணக்குதான். அது நிரந்தர இருட்டு அல்ல. இறங்கும்போது திரையில் தெரிந்த லேண்டர், அனிமேஷன். பக்கத்தில் நின்று படம் பிடிக்க அங்கே யாரும் இல்லை.

கிரகணத்தன்று தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் உலக்கை தானாக நிற்பதை டிவியில் காட்டுகிறார்களே?

நிற்கத்தான் செய்யும். அடி தட்டையாக இருக்கும் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். மறுநாள் மதியம் அதே தட்டில் அதே உலக்கையை நிறுத்திக் காட்ட எந்த நிருபரும் வருவதில்லை, அதுதான் குறை. சூரிய கிரகணம் என்பது அமாவாசை. நிலவும் சூரியனும் ஒரே பக்கம் இழுப்பது மாதாமாதம் நடக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு பொருளின் எடையில் உண்டாக்கும் மாற்றம் கோடியில் ஓரிரு பங்கு. உலக்கைக்கு அது தெரியவே தெரியாது.

டிவியால் கிரகணத்தை ஒழுங்காகக் காட்ட முடியாது என்றும் இல்லை. 1995 அக்டோபர் 24 முழுக் கிரகணத்தைத் தூர்தர்ஷன் பேராசிரியர் யஷ்பாலின் விளக்கத்தோடு நேரடியாக ஒளிபரப்பியது. பயந்து வீட்டுக்குள் இருந்தவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

சீரியல்களில் நள்ளிரவில் பிறை தெரிகிறதே, சரியா?

தவறு. மூன்றாம் பிறை மாலையில் மேற்கே தெரிந்து இரண்டு மணி நேரத்தில் மறைந்துவிடும். தேய்பிறையின் கடைசிப் பிறை விடியலுக்கு முன் கிழக்கே எழும். நள்ளிரவில் உச்சியில் நிற்பது முழுநிலவுதான். பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவே விண்மீனைப் பதிக்கும் கிராபிக்ஸும் வேண்டாம். அந்த இடத்தில் இருட்டாக இருப்பது நிலவின் மீதி உடம்பு.

பலர் கவனிக்காத ஒன்று: தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மாலைப் பிறை நமக்குப் படகுபோலக் கிடந்த வாக்கில் தெரியும். வெளிநாட்டுப் படத்தொகுப்பிலிருந்து எடுத்து ஒட்டிய பிறை நிமிர்ந்து நிற்கும். தஞ்சாவூர்க் கோபுரத்துக்கு மேலே நிமிர்ந்த பிறையைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிபார்க்க ஏதாவது வழி உண்டா?

ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. நிலவு 1.3 விநாடி, சூரியன் 8 நிமிடம் 20 விநாடி, செவ்வாய் 3 முதல் 22 நிமிடம், வியாழன் ஏறத்தாழ 35 முதல் 50 நிமிடம், நெப்டியூன் நான்கு மணி நேரம், அடுத்த விண்மீன் 4.24 ஆண்டு, பால்வழி மண்டலத்தின் குறுக்கே ஒரு லட்சம் ஆண்டு. வியாழனிலிருந்து ஒருவர் அம்மாவோடு வீடியோ காலில் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டு உடனே பதில் வந்தால், மேலே பார்க்க வேண்டியதில்லை.

வானக் காட்சிக்கு ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலி போதும். ஊரையும் தேதியையும் கொடுத்தால் அன்றைய வானத்தைக் காட்டிவிடும்.

விஞ்ஞானிகள் ஒரு தொடருக்குத் திருத்தம் சொல்லி, அது ஏற்கப்பட்டதுண்டா?

நல்ல கதை ஒன்று உண்டு. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் ஸ்பாக் என்ற பாத்திரத்தின் சொந்தக் கோளான வல்கன் எந்த விண்மீனைச் சுற்றுகிறது என்று ரசிகர்களுக்குள் நெடுநாள் சர்ச்சை. எப்ஸிலான் எரிடானி என்றது ஒரு கட்சி, 40 எரிடானி என்றது இன்னொரு கட்சி. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் ஹார்வர்ட்–ஸ்மித்சோனியன் மையத்தின் மூன்று வானியலாளர்களும் சேர்ந்து 1991-ல் ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். எப்ஸிலான் எரிடானிக்கு வயது நூறு கோடி ஆண்டுதான். அறிவுள்ள உயிர்கள் தோன்ற அது போதாது. 40 எரிடானிக்கு நானூறு கோடி, நம் சூரியனுக்குக் கிட்டத்தட்ட சம வயது. ஆகவே அதுதான் பொருத்தம் என்று முடிவு சொன்னார்கள். அதன் இரண்டு துணை விண்மீன்களும் வல்கன் வானில் பளிச்சென்று தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். கற்பனைக் கோளுக்கு விண்மீன்களின் வயதைப் பார்த்து முகவரி கொடுத்தது இந்த ஒரு முறைதான் இருக்கும்.

16 ஒளியாண்டு தள்ளியிருக்கும் அந்த விண்மீனில் 2018-ல் நிஜமாகவே ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள். 42 நாளுக்கு ஒரு சுற்று. ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த விண்மீன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள எடுக்கும் காலமும் ஏறத்தாழ அதேதான் என்பது அப்போதே உறுத்திக்கொண்டிருந்தது. 2024-ல் இன்னும் நுணுக்கமான கருவியால் அளந்து பார்த்தபோது, கிடைத்த சமிக்ஞை விண்மீனின் மேற்பரப்புக் கொந்தளிப்பால் வந்தது என்று தெரிந்தது. வல்கனுக்குக் கொடுத்த முகவரியில் இப்போதைக்கு யாரும் குடியில்லை.